கலைப்பதா, புடைத்தெடுப்பதா, பக்கத்தில் புதிதாகக் கட்டுவதா?

2004 ஜூலையில் ஜார்ஜியா தன் போக்குவரத்துப் போலீஸை அடியோடு கலைத்தது. ஓராண்டு கழித்து, 2005 ஜூலையில், உக்ரைன் அதிபர் விக்டர் யூஷ்செங்கோவும் தன் நாட்டுப் போக்குவரத்துப் போலீஸைக் கலைப்பதாக அறிவித்தார். இரண்டு அரசுகளும் மக்கள் தெருவில் இறங்கியதால் வந்தவை. இரண்டும் கை வைத்தது ஒரே சோவியத் அச்சில் வார்த்த துறையில். ஜார்ஜியாவில் அந்தத் துறை திரும்பி வரவே இல்லை. உக்ரைனிலோ அது பழைய ஆட்களோடும் பழைய வழக்கங்களோடும் மீண்டு வந்து, இன்னும் பத்து ஆண்டுகள் சாலையோரம் நின்று மாமூல் வாங்கிக்கொண்டிருந்தது.

துணிச்சல் இரண்டு தலைவர்களுக்குமே இருந்தது. வேறு என்ன வித்தியாசம் என்று பார்க்கும்போதுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் வந்த நாடுகள் ஊழலில் ஊறிய ஒரு துறையை நான்கு வழிகளில் கையாண்டிருக்கின்றன: முழுக்கக் கலைத்துவிட்டுப் புதிதாக ஆள் எடுப்பது, இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சோதித்துப் புடைத்தெடுப்பது, பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய அமைப்பு கட்டுவது, அதிகாரிக்கும் குடிமகனுக்கும் நடுவே கணினியை வைப்பது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையோடு வந்து உட்காரும் ஒரு சீர்திருத்த அரசு இவற்றில் எதை எந்தத் துறைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு சோதனையை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: வேலை போனவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார், அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்? இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கிய சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை மூன்றாம் ஆண்டில் நீதிமன்றப் படியில் சறுக்கியிருக்கின்றன.

முழுக்கக் கலைப்பது

ஜார்ஜியாவின் கதையைச் சொல்பவர்கள் கண்ணாடிச் சுவர் வைத்த காவல் நிலையங்களைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். உள்ளே நடந்ததைப் பிரித்துப் பார்த்தால்தான் மற்றவர்களுக்குப் பயன்.

முந்தைய அதிபர் ஷெவர்ட்நாட்சே காலத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் வேலைக்குச் சேரவே பணம் கொடுக்க வேண்டும். சம்பளம் சொற்பம், அதுவும் மாதக்கணக்கில் பாக்கி. போட்ட பணத்தைச் சாலையில் எடுத்து, அதில் ஒரு பங்கை மாதாமாதம் மேலதிகாரிக்குக் கட்ட வேண்டும். இந்தச் சங்கிலியில் நடுவில் ஒரு நல்ல ஆளைப் போட்டால் கீழேயும் மேலேயும் இருப்பவர்கள் அவரைத் துப்பிவிடுவார்கள். அதனால்தான் புதிய அதிபர் மிகைல் சாகாஷ்விலியின் அரசு பகுதி பகுதியாகப் போகாமல் ஏறத்தாழ 16,000 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது. வெளியே போனவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளமும், பழைய லஞ்சக் குற்றங்களுக்கு மன்னிப்பும் கிடைத்தன. இந்த மன்னிப்பைப் பலர் கவனிப்பதில்லை. கையில் துப்பாக்கி பிடித்துப் பழகிய 16,000 பேரைச் சிறைப் பயத்தோடு தெருவில் விட்டிருந்தால் அவர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த சில வாரங்களுக்குச் சாலையில் போலீஸே இல்லை. விபத்து பெருகிவிடும் என்று பயந்தார்கள், பெருகவில்லை. ஆகஸ்டில் புதிய ரோந்துப் போலீஸ் இறங்கியது: புதிய சீருடை, புதிய ஃபோக்ஸ்வாகன் பஸாத் கார்கள், பழைய சம்பளத்தைப் போலப் பல மடங்கு. அபராதத்தைக் கையில் வாங்கும் வழக்கம் ஒழிந்தது. சீட்டைக் கொடுத்தால் வங்கியில் கட்ட வேண்டும். சாதாரண ஓட்டுநர் போல வேடமிட்டு லஞ்சம் நீட்டிப் பார்க்கும் ஆட்களை உள்துறை அமைச்சகம் தொடர்ந்து அனுப்பியது; வாங்கியவர் மாட்டினார். பழைய சங்கிலி மறுபடி முளைக்காமல் தடுத்தது சீருடையைவிட இந்தச் சோதனைதான் என்பது என் கணிப்பு.

கலைப்பின் இன்னொரு வடிவம், வேலையையே இல்லாமல் ஆக்குவது. உரிமங்களும் அனுமதிகளும் சுமார் 900 வகை இருந்தன. 2005 சட்டத்துக்குப் பின் 150க்கும் குறைவாகின. தனியார் கார்களுக்கான கட்டாயத் தொழில்நுட்பச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அது சோதனையாக இருக்கவில்லை, சான்றிதழ் விற்கும் கடையாக இருந்தது. லஞ்சம் போனது, கூடவே பிரேக் பிடிக்காத, புகை கக்கும் பழைய கார்கள் தலைநகர் திபிலிசியை நிறைத்தன. 2018இல் தொடங்கி அந்தச் சோதனையைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு விதியை ஒழிக்குமுன் அது எதைக் காக்க வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பல்கலைக்கழக நுழைவு ஜார்ஜியாவின் நேர்த்தியான வேலை. இடம் விற்ற பேராசிரியர்களை யாரும் துரத்தவில்லை. 2005இல் நாடு முழுக்க ஒரே பொதுத்தேர்வைக் கொண்டுவந்து, யாரைச் சேர்ப்பது என்ற முடிவைப் பல்கலைக்கழகங்களின் கையிலிருந்து பிடுங்கித் தனித் தேர்வு மையத்திடம் கொடுத்தார்கள். வினாத்தாள்கள் பிரிட்டனில் அச்சாகி முத்திரையோடு வந்தன. விடைத்தாளில் பெயருக்குப் பதில் பட்டைக்குறி. தேர்வு அறையில் கேமரா. விற்பதற்குக் கையில் எதுவும் இல்லாதபோது விற்பனை தானாக நின்றது.

இனி இதன் மறுபக்கம். இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியமாயிற்று? 2004 பிப்ரவரியில் செய்த அரசியல் சட்டத் திருத்தம் அதிபரின் கையைப் பலமாக்கியது. நீதிமன்றங்கள் அரசுத் தரப்பு கேட்டதைக் கொடுத்தன. நம் சோதனைக் கேள்விக்கு ஜார்ஜியாவின் பதில் இதுதான்: வேலை போனவர் போவதற்கு உருப்படியான நீதிமன்றமே இல்லை. அதன் விலை சில ஆண்டுகளில் தெரிந்தது. குற்றவழக்குகளில் விடுதலை என்பது நூற்றில் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. ஒரு லட்சம் பேருக்கு 500க்கு மேற்பட்ட கைதிகள் என்ற அளவுக்குச் சிறைகள் நிரம்பின. 2007 நவம்பர் 7 அன்று திபிலிசியில் எதிர்க்கட்சி ஊர்வலத்தை அடித்துக் கலைத்தார்கள். 2012 செப்டம்பரில் க்ல்தானி சிறையில் கைதிகளைச் சித்திரவதை செய்யும் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. அக்டோபர் 1 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. ஆட்சி மாறிய பிறகும் உள்துறை அமைச்சகம் அடுத்தவர் கைக்கு அப்படியே போனது. 2024 நவம்பர் இறுதியில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை ஒத்திவைப்பதாக அரசு அறிவித்ததும், திபிலிசியின் ருஸ்தவேலி சாலையில் கூடியவர்களை அடித்தது அதே உள்துறை அமைச்சகத்தின் படைகள். லஞ்சம் வாங்காத போலீஸை உருவாக்குவதும், சட்டத்துக்கு மட்டும் கட்டுப்படும் போலீஸை உருவாக்குவதும் வேறு வேறு வேலைகள். முதலாவதை ஆறு மாதத்தில் முடிக்கலாம்.

புடைத்தெடுப்பது

உக்ரைன் ஜார்ஜியாவிடமிருந்து ஆட்களையே வரவழைத்தது. ஏகா ஸ்குலாட்ஸே 2014 டிசம்பரில் உள்துறையின் முதல் துணை அமைச்சரானார். காத்தியா டெகனோயிட்ஸே 2015 நவம்பரில் தேசியக் காவல்துறையின் தலைவரானார். 2015 ஜூலை 4 அன்று கீவ் நகரில் சுமார் 2,000 புதிய ரோந்துப் போலீசார் உறுதிமொழி எடுத்து டொயோட்டா பிரியஸ் கார்களில் இறங்கினார்கள். மக்கள் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஜார்ஜியப் பாடம் அப்படியே பொருந்தியது.

ரோந்து என்பது காவல்துறையின் வெளிமுகம். உள்ளே புலனாய்வாளர்கள், மாவட்ட அதிகாரிகள் என்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோவியத் பாணிக் காவல்துறையான பழைய மிலீஷியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் கலைக்க முடியாது: நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் அவர்கள் மேசையில் இருக்கின்றன, கிழக்கே போர். ஆகவே தகுதிச் சோதனை. பொது அறிவுத் தேர்வு, சட்டத் தேர்வு, பிறகு குழுவின் முன் நேர்காணல். குழுவில் போலீஸ் அதிகாரிகளோடு குடிமக்கள் அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் உட்கார்ந்தார்கள். சுமார் 68,000 பேரைச் சோதித்ததில் வெளியேற்றப்பட்டவர்கள் எட்டு சதவீதம் அளவுக்குத்தான்.

எங்கே பிசகியது என்பதை வரிசையாகச் சொல்லலாம். நேர்காணலுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் ஒருவர் ஏன் சம்பளத்துக்கு மீறிய வீட்டில் வாழ்கிறார் என்று தோண்ட முடியாது. மறுமுறையீட்டுக் குழுக்கள் பலரை உடனே திரும்ப ஏற்றன. மிச்சமிருந்தவர்கள் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் வென்று, இழந்த காலத்துச் சம்பளத்தோடு திரும்பி வந்தார்கள். தீர்ப்புகளை முழுக்கக் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிடவும் முடியாது. “குழுவுக்கு நம்பிக்கை இல்லை” என்ற அளவில் காரணம் எழுதியிருந்தால் நேர்மையான நீதிபதிகூட அந்த உத்தரவை ரத்துதான் செய்வார்.

2014இன் பதவி நீக்கச் சட்டத்துக்கும் இதே கதி. அந்த ஆண்டு ஆட்சியிழந்த அதிபர் யானுகோவிச் காலத்தில் குறிப்பிட்ட பதவிகளில் இருந்தவர்களை, தனித்தனியாக என்ன தவறு செய்தார்கள் என்று பார்க்காமல், பத்து ஆண்டுகள் அரசுப் பணிக்கு வரக்கூடாது என்று அது தடுத்தது. 2019 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஐந்து அரசு ஊழியர்களின் வழக்கில் அது அவர்களின் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது.

மால்டோவா புடைக்க எடுத்தது நீதிபதிகளையே. வங்கிகளிலிருந்து ஒரு பில்லியன் டாலர் மாயமான நாடு அது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதிபர் மையா சாண்டுவின் கட்சி 2021இல் பெரும்பான்மை பெற்று, 2022இல் ஆறு பேர் கொண்ட சோதனைக் குழுவை அமைத்தது: மூவர் உள்நாட்டவர், மூவர் வெளிநாட்டுக் கூட்டாளிகள் பரிந்துரைத்தவர்கள். நீதித்துறை மன்றத்துக்கு நின்ற நீதிபதிகளின் சொத்தையும் நேர்மையையும் அலசி, பெரும்பாலோரைக் குழு தோற்கடித்தது. 2023 தொடக்கத்தில் சோதனை தங்களை நோக்கி வருவதைக் கண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பாலோர் ராஜினாமா செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், தோற்றவர்களின் முறையீடுகளில் 21ஐ உச்ச நீதிமன்றம் ஏற்று, குழுவின் முடிவுகளை ரத்து செய்தது. மறுபடி முதலிலிருந்து. இந்தக் கதையில் பிழை எங்கே என்றால், சோதனைக்கு உள்ளாகப் போகும் நீதிமன்றத்திடமே முறையீட்டைக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் விட்டுவைத்ததில்.

பக்கத்தில் புதிதாகக் கட்டுவது

இந்த வழியில் பழைய துறையோடு மல்லுக்கட்டுவதில்லை. அதன் ஒரு முக்கிய வேலையை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய இடத்தில் வைக்கிறார்கள். உக்ரைனின் தேசிய ஊழல் தடுப்புப் பணியகம் 2015இல் பிறந்தது. மேல்மட்ட ஊழலை மட்டும் விசாரிக்கும். சட்டம் தொடக்கத்தில் வைத்த ஆள் வரம்பு 700. அதற்கென்று தனி அரசு வழக்கறிஞர் அலுவலகம். முதல் நான்கு ஆண்டுகள் இந்த இருவரும் வழக்கைத் தயார் செய்து பழைய நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்; அங்கே வழக்குகள் தூங்கின. பணியகத்தைத் தொடங்கியபோதே நீதிமன்றத்தையும் தொடங்காததுதான் இந்த வழியின் பெரிய பிழை. சர்வதேச நாணய நிதியம் கடனோடு சேர்த்து நெருக்கிய பிறகே 2018இல் சட்டம் வந்தது. ஊழல் தடுப்பு உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 5 அன்று வேலையைத் தொடங்கியது.

அதன் நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்த முறையை நகல் எடுக்கலாம். ஆறு வெளிநாட்டு நிபுணர்களின் குழு ஒரு வேட்பாளரின் சொத்தையோ நேர்மையையோ சந்தேகித்தால், அவரைப் பற்றி உள்நாட்டுத் தகுதி ஆணையமும் நிபுணர் குழுவும் ஒன்றாகக் கூடி வாக்களிக்க வேண்டும்; மொத்தப் பெரும்பான்மை மட்டும் போதாது, நிபுணர்களில் குறைந்தது மூவர் ஆதரிக்க வேண்டும். 42 பேர் அப்படி விழுந்தார்கள். 38 பேர் நீதிபதியானார்கள். ஆலோசனை சொல்லும் வெளிநாட்டு நிபுணர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்; தடுக்கும் வாக்கு இருந்ததுதான் இங்கே வேறுபாடு. தவிர, வேலையில் சேர்க்கும் வாசலிலேயே சோதித்ததால் பதவி இழந்தேன் என்று வழக்குப் போட யாருக்கும் பெரிய இடமில்லை. வேலையிலிருந்து நீக்குவதைவிட வேலை கொடுக்காமல் இருப்பது சட்டப்படி எவ்வளவோ சுலபம்.

பலவீனமும் உண்டு. புதிய தீவைச் சுற்றிலும் பழைய கடல் இருக்கிறது. 2020 அக்டோபர் 27 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், அதிகாரிகள் சொத்துக் கணக்கில் பொய் சொல்வதைக் குற்றமாக்கிய பிரிவையே அடித்துவிட்டது. 2025 ஜூலை 22 அன்று நாடாளுமன்றம் ஒரே நாளில் சட்டம் போட்டு, பணியகத்தையும் தனி வழக்கறிஞர் அலுவலகத்தையும் தலைமை அரசு வழக்கறிஞரின் கீழ் கொண்டுவந்தது. அதிபரும் அன்றே கையெழுத்திட்டார். போர் நடக்கும் நாட்டில், அட்டைப் பலகைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் இரவில் தெருவுக்கு வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் கடுமையாகப் பேசியது. ஜூலை 31 அன்று வேறொரு சட்டம் சுதந்திரத்தைத் திரும்பக் கொடுத்தது. ஒரு சாதாரணச் சட்டத்தால் பிறந்த அமைப்பை இன்னொரு சாதாரணச் சட்டத்தால் கொல்லலாம். பெரும்பான்மை இருக்கும் முதல் ஆண்டிலேயே அதன் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தில் ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கணினியை நடுவில் வைப்பது

மேடைகளில் அதிகம் விற்கப்படும் வழி இது; எஸ்டோனியாவைக் காட்டித்தான் விற்பார்கள். வாங்குமுன் வரிசையைப் பார்க்க வேண்டும். எஸ்டோனியா 1992இல் புதிய அரசியல் சட்டமும் தன் நாணயமும் கொண்டுவந்தது. 1993இல் உச்ச நீதிமன்றத்தைத் தார்த்து நகரில் திறந்தது. 1994இல் 26 சதவீத ஒற்றை வருமான வரி. துறைகளின் தரவுத்தளங்களைப் பாதுகாப்பாக இணைக்கும் எக்ஸ்-ரோடு 2001இல்தான் வந்தது, மின்னணு அடையாள அட்டை 2002இல். நீதிமன்றம் கணினியைவிட எட்டு ஆண்டு மூத்தது.

எக்ஸ்-ரோடு வேலை செய்வதற்கு மூன்று விஷயங்கள் முன்பே இருக்க வேண்டும்: ஒவ்வொருவருக்கும் ஒரே எண், ஒரு தகவலுக்கு ஒரே பதிவேடு, அரசிடம் ஏற்கெனவே உள்ளதைக் குடிமகனிடம் மறுபடி கேட்கக்கூடாது என்ற விதி. யார் தன் விவரத்தைப் பார்த்தார்கள் என்று குடிமகன் தானே பார்க்கலாம் என்பது நான்காவது. அதைத்தான் மற்ற அரசுகள் முதலில் மறந்துபோகும். இவ்வளவு இருந்தும் 2017இல் சுமார் ஏழரை லட்சம் அட்டைகளின் சிப்பில் ஓட்டை என்று தெரிந்து, சான்றுகளை நிறுத்திப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

மென்பொருள் தனியாக என்ன செய்யும் என்பதற்குக் கிர்கிஸ்தான் சாட்சி. அதன் ‘துந்துக்’ அமைப்பு எக்ஸ்-ரோடின் மேல் கட்டியது; சான்றிதழ்களுக்கு வரிசையில் நிற்பது குறைந்தது உண்மை. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் 2024 ஊழல் குறியீட்டில் எஸ்டோனியாவுக்கு நூற்றுக்கு 76 மதிப்பெண், கிர்கிஸ்தானுக்கு 25 (மதிப்பெண் கூடினால் ஊழல் குறைவு). அஜர்பைஜானின் ‘ஆசான்’ சேவை மையங்கள் 2013இலிருந்து இயங்குகின்றன: பல அமைச்சகங்களின் ஊழியர்கள் ஒரே திறந்த கூடத்தில், வேறொரு முகமையின் மேற்பார்வையில் உட்காருகிறார்கள். கவுன்டரில் லஞ்சம் கேட்கும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து. அந்நாட்டின் மதிப்பெண் 22. சில்லறை லஞ்சம் ஒழிவதற்கும் எரிவாயுப் பணம் எங்கே போகிறது என்பதற்கும் தொடர்பில்லை. சில்லறையை ஒழிப்பதில் ஆட்சியாளருக்கு நஷ்டமும் இல்லை.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது உக்ரைனின் மின்னணுக் கொள்முதல் அமைப்பான புரொசோரோ. 2015இல் சோதனையாகத் தொடங்கி, 2016 ஆகஸ்ட் 1 முதல் எல்லா அரசுக் கொள்முதலுக்கும் கட்டாயமானது. மையத் தரவுத்தளம் அரசிடம். டெண்டர் போடும் தளங்கள் போட்டி போடும் தனியாரிடம். நடந்து முடிந்த ஒவ்வொரு ஏலமும், தோற்றவரின் விலை உட்பட, யாரும் பார்க்கலாம். ஏமாற்றும் வழிகளும் உடனே பிறந்தன: வரம்புத் தொகைக்குக் கீழே வரும்படி டெண்டரைத் துண்டாடுவது, ஒரே கம்பெனிக்குப் பொருந்தும்படி விவரக்குறிப்பு எழுதுவது, உறவுக்காரக் கம்பெனிகள் இரண்டு சேர்ந்து போட்டியாக நடிப்பது. தரவு திறந்திருந்ததால் இவற்றைப் பத்திரிகையாளர்களும் ஆர்வலர்களும் எண்ணி எடுத்துக் காட்ட முடிந்தது. திறக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதும் 2023 ஜனவரியில் தெரிந்தது: போர்க்காலம் என்று மூடி வைத்திருந்த ராணுவ உணவு ஒப்பந்தத்தில் ஒரு முட்டை 17 ஹிரிவ்னியா (உக்ரைன் நாணயம்), கீவ் கடையில் அதன் பாதிகூட இல்லை. அடுத்த மாதமே ஆயுதமல்லாத ராணுவக் கொள்முதலின் விலைகளை வெளியிடச் சட்டம் வந்தது. பாதுகாப்பு அமைச்சர் செப்டம்பரில் போனார்.

எதை எதற்கு எடுப்பது

சாலையில், கவுன்டரில், மக்களோடு நேருக்கு நேர் நிற்கும் துறையாக இருந்து, ஒரு மாதம் அது இல்லாமல் நாடு ஓடுமானால், புதிய ஆளைச் சில மாதங்களில் பழக்க முடியுமானால், கலைப்பதே மேல். அப்போதும் ஆட்களை நீக்காமல் பதவிகளைச் சட்டத்தால் ஒழியுங்கள். தனிமனிதக் குற்றம் சாட்டாத கலைப்பை நீதிமன்றத்தில் உடைப்பது கடினம். புலனாய்வு, வரித் தணிக்கை போல நிபுணத்துவம் வேண்டிய இடத்தில் கலைப்பது தற்கொலை. நீதிபதிகளைக் கூண்டோடு கலைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

புடைப்பதைக் கடைசியாக வைப்பேன். அதற்கு முன் முறையீட்டைக் கேட்கும் அமர்வைப் புதிய ஆட்களைக் கொண்டு நிரப்பியாக வேண்டும். கேள்வியையும் சொத்து, வருமானம் என்ற எண்ணில் அளக்கக்கூடியவற்றோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஆவணத்தோடு காரணம் எழுத வேண்டும். இது மெதுவான வேலை. ஒரு குழு மாதத்துக்குச் சில பத்துப் பேரைத்தான் முடிக்கும். மேல்மட்ட ஊழலுக்குப் பக்கத்தில் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பணியகம், வழக்கறிஞர், நீதிமன்றம் மூன்றும் ஒரே சட்டத்தொகுப்பில் வர வேண்டும். கணினியைப் பொறுத்தவரை சான்றிதழ்களில் தொடங்கும் அரசைவிடக் கொள்முதலில் தொடங்கும் அரசை நான் நம்புவேன்.

பணக் கணக்கு ஒன்று மிச்சம். ஜார்ஜியாவில் ஆரம்பச் சம்பள உயர்வுக்கு வெளிநாட்டு நிதி கைகொடுத்தது. ஆனால் 2003இல் நாட்டு உற்பத்தியில் 12 சதவீதமாக இருந்த வரி வருவாய் 2008இல் 25 சதவீதமாக உயர்ந்ததால் பிறகு அது சொந்தக் காலில் நின்றது. 21 வகை வரிகளை ஏழாகக் குறைத்துவிட்டு அந்த உயர்வைப் பெற்றார்கள். உக்ரைனின் புதிய ரோந்துப் போலீசாருக்கு 2015இல் கிடைத்த எட்டாயிரம், பத்தாயிரம் ஹிரிவ்னியா அன்றைக்கு நல்ல சம்பளம்; பணவீக்கம் அதைத் தின்றதும் பயிற்சி பெற்றவர்கள் விலகத் தொடங்கினார்கள். கலைப்பு உத்தரவில் கையெழுத்திடுமுன் நிதியமைச்சரிடமிருந்து நான்காம் ஆண்டின் சம்பளப் பட்டியலையும், எந்த வரியிலிருந்து அது வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வராவிட்டால், 16,000 பேரைத் தொடாமல், முதலில் 700 பேர் கொண்ட பணியகத்தோடு தொடங்கலாம். அவ்வளவு சம்பளம் எந்த ஏழை நாட்டின் கஜானாவிலும் இருக்கும்.